பனித்தீவில் கதவடைப்பு

குழந்தைகளின் விளையாட்டைப் பற்றி இந்தப் பத்தியில் நாம் எழுதப் புகுவதைக் கண்டு வாசகர்களில் சிலர் புன்னகை செய்யக்கூடும். விலைவாசி, வேலையின்மை, குடிநீர் என்று பெரும் பிரச்னைகள் வாயிலில் நிற்கையில், கணினித் திரையில் தத்தித் தத்தி நடந்த பொம்மைப் பறவைகளைப் பற்றிப் பேச்சு எதற்கு என்று அவர்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆயினும், பலமற்றவர்களின் சிறு உடைமையை ஒரு தேசத்தின் சட்டம் எவ்விதம் மதிக்கிறது என்பதைக் கொண்டே அத்தேசத்தின் நீதியை அளக்க வேண்டும் என்பது நமது துணிபு. பலமற்றவர்களிலெல்லாம் பலமற்றவர்கள் குழந்தைகள்.

சென்னைக்கு வடக்கே, மணலி ஆலைகளின் அண்டையில், கொசஸ்தலை ஆற்று வெள்ளத்துக்கு அஞ்சி வாழும் ஊர் சடையங்குப்பம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மணலிப் பக்கத்திலிருந்து வெள்ளத்தோடு இறங்கிய எண்ணெய், எண்ணூர்க் கழிமுகம் வரை படர்ந்து, கூழைக்கடாக்களின் சிறகைக் கறுப்பாக்கியதை நமது வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். திருவொற்றியூர் முதல் எண்ணூர் வரையில், ஆலையும் கிடங்கும் லாரி நிறுத்தமும் போக எஞ்சிய நிலத்தில்தான் பிள்ளைகள் ஓடியாட வேண்டும். நிலம் குறையக் குறைய, தந்தையின் செல்போனே பிள்ளையின் மைதானமாகிறது. இப்புதிய மைதானம் யாருக்குச் சொந்தம்? அதன் கதவை அடைக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது? இதற்கு விடை காண, கடல் கடந்த தேசத்தில் நடந்து முடிந்த ஒரு வரலாற்றை வாசகர்கள் முன் வைக்கிறோம்.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் கெலோனா என்பது ஒரு நகரம். அங்கே லான்ஸ் பிரீப், லேன் மெரிஃபீல்டு, டேவ் கிரிஸ்கோ என்னும் மூவர், தங்கள் குழந்தைகளை அச்சமின்றி விட்டுவைக்கத்தக்க ஓரிடம் இணையத்தில் இல்லையே என்ற கவலையினால், 2005 அக்டோபர் 24-ஆம் தேதி ‘கிளப் பெங்குவின்’ என்ற விளையாட்டுலகத்தைத் திறந்தார்கள். அது ஒரு பனித்தீவு. உள்ளே புகும் ஒவ்வொரு குழந்தையும் ஒரு பெங்குவின் பறவையாகிவிடும். தனக்கொரு நிறம், தனக்கொரு பெயர், பனிக்கட்டியால் ஆன ஒரு வீடு, ‘பஃபிள்’ என்ற பஞ்சுருண்டை போன்ற செல்லப்பிராணி எல்லாம் அதற்குக் கிடைக்கும். சிறு விளையாட்டுகளில் வென்று நாணயம் சேர்க்கலாம். அந்நாணயத்தைக் கொண்டு தொப்பியும் நாற்காலியும் வாங்கலாம். விளம்பரம் அங்கே கிடையாது. தகாத சொற்கள் வடிகட்டப்பட்டன. பெற்றோர் விரும்பினால், முன்னரே எழுதிவைத்த வாக்கியங்களை மட்டுமே குழந்தை பேசும்படியும் செய்யலாம். நுழைவது இலவசம், ஆனால் ஆடை அணிகளையும் வீட்டுச் சாமான்களையும் தடையின்றி வாங்குவதற்கு மாதச் சந்தா கட்ட வேண்டும்.

2007 ஆகஸ்டில் வால்ட் டிஸ்னி கம்பெனி அத்தீவை 35 கோடி டாலர் கொடுத்து வாங்கிற்று. அவ்வாண்டு முதல் டிசம்பர் தோறும் குழந்தைகள் தங்கள் விளையாட்டு நாணயத்தைத் தருமத்துக்கு அளிப்பதும், அதைக் கொண்டு கம்பெனியார் மெய்யான பணத்தை எந்தெந்த நற்காரியங்களுக்குப் பகிர்வதென்று தீர்மானிப்பதும் வழக்கமாயின. முதலாண்டில் பகிர்ந்த தொகை 10 லட்சம் டாலர். 2013-க்குள் 20 கோடிக்கு மேற்பட்ட கணக்குகள் பதிவாகியிருந்தன. இத்தனை பேர் ‘குடியேறிய’ நாடு உலகில் எத்தனை உண்டு?

அந்நாட்டுக்கு முடிவு எவ்விதம் வந்தது? 2017 ஜனவரி இறுதியில் ஓர் அறிவிப்பு வெளியாயிற்று. மார்ச் 30-ஆம் தேதி கதவு அடைபட்டது. தீவின் ஓரத்தில் மிதந்த ஒரு பனிப்பாறையைப் பற்றிக் குழந்தைகளிடையே நெடுநாளாய் ஒரு நம்பிக்கை இருந்தது. பலர் ஒன்றுகூடி அதன்மேல் ஆடினால் அது கவிழும் என்பதே அந்நம்பிக்கை. பல ஆண்டுகள் ஆடியும் கவிழாத அப்பாறையை, இறுதி வாரங்களில் கம்பெனியார் கவிழ அனுமதித்தார்கள். பிரிவுபசாரமாக அளித்த பரிசு அதுதான். மாற்றாகத் திறந்த ‘கிளப் பெங்குவின் ஐலண்ட்’ என்னும் மற்றொரு தீவும் 2018 டிசம்பரில் மூடப்பட்டது. பூனையும் நாயும் வாத்துமாகக் குழந்தைகள் உலாவிய ‘டூன்டவுன்’ என்ற உலகத்தை இதே கம்பெனி 2013-லேயே மூடியிருந்தது.

கம்பெனியின் பக்கத்து நியாயத்தையும் நாம் மறைக்கவில்லை. குழந்தைகள் கணினியை விட்டுச் செல்போனுக்கு மாறினார்கள். அவ்வுலகம் கட்டப்பட்ட ‘ஃபிளாஷ்’ என்னும் தொழில்நுட்பமே 2020-ஆம் ஆண்டின் முடிவோடு கைவிடப்பட்டது. நஷ்டத்தில் ஒரு விளையாட்டை யுகாந்த காலம் வரை நடத்து என்று எந்த வியாபாரியையும் நிர்ப்பந்திக்க முடியாது. அது நமது வாதமும் அன்று. நமது ஆட்சேபணை வேறிடத்தில் இருக்கிறது.

காசிமேட்டில் ஒரு தெருமுனைச் சங்கத்தில் கேரம் பலகை ஒன்று வாங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். விற்ற கடைக்காரர் கடையை மூடிவிட்டாலும் பலகை சங்கத்தில்தான் இருக்கும். அதில் பழகிய பிள்ளை உலகப் பட்டமும் வெல்லலாம். வடசென்னையின் காசிமா 2024-ல் அமெரிக்காவில் வென்று காட்டினார். கடைக்காரர் நள்ளிரவில் வந்து பலகையையும் காய்களையும் அள்ளிச் செல்வாராயின் அதற்குத் திருட்டு என்று பெயர். இணைய விளையாட்டிலோ அதற்கு ‘நிபந்தனைகளின்படி சேவை முடிவு’ என்று பெயர். மாதந்தோறும் பணம் கட்டி வாங்கிய நாற்காலி விற்கப்பட்டதன்று, அனுபவிக்க அனுமதிக்கப்பட்டது மாத்திரமே என்று பொடி எழுத்தில் எழுதியிருக்கும். அதன் அடியில் ‘சம்மதம்’ என்று அழுத்தியவர் எட்டு வயதுக் குழந்தை!

பதினெட்டு வயது நிரம்பாதவர் ஒப்பந்தம் செய்யத் தகுதியற்றவர் என்பது 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 11-ஆம் பிரிவிலிருந்து பெறப்படும் விதி. மைனரின் ஒப்பந்தம் அடியோடு செல்லாது என்று கல்கத்தாவிலிருந்து சென்ற மோஹரி பீபி வழக்கில் 1903-ல் பிரிவி கௌன்சில் தீர்ப்பளித்தது. குழந்தையைக் காக்க எழுந்த இவ்விதி இங்கே பயனற்றுப் போகிறது. ஒப்பந்தம் செல்லாதென்றால் குழந்தைக்கு உரிமையே இல்லை என்பார்கள். தந்தை பெயரில் செல்லுமென்றால் பொடி எழுத்து கட்டுப்படுத்தும் என்பார்கள். எப்படிச் சுற்றினாலும் கயிறு கம்பெனியின் கையில்தான் இருக்கிறது.

சடையங்குப்பத்தில் பர்மா நகர் என்று ஒரு குடியிருப்பு உண்டு. அப்பெயர் எதை நினைவூட்டும் என்று தமிழர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 1962-ல் பர்மாவில் ராணுவ ஆட்சி ஏற்பட்டது. 1964-ல் கடைகள் சர்க்கார் உடைமையாயின. அவ்வாண்டு மே மாதத்தில் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாமற்போயின. தலைமுறைகளாய் உழைத்த தமிழர் பலர் வெறுங்கையோடு தாயகம் திரும்பினர். அவர்களுடைய துயரத்தையும் குழந்தையின் பொம்மை வீட்டையும் ஒரே தராசில் நிறுத்துவது அபசாரம். நாம் அதைச் செய்யோம். ஆயினும், பிறருடைய நாணயத்தை, பிறருடைய விருப்பத்தால் மட்டும் நிற்கும் வீட்டில் சேமித்தவனுக்கு, அவர் மனம் மாறும் நாளில் பேச நாதியில்லை என்ற பாடம் அம்மக்களுக்கு அனுபவத்தில் தெரிந்தது. அப்பாடத்தை அவர்களுடைய பேரப்பிள்ளைகள் திரையில் மறுபடியும் கற்க வேண்டுமா?

கதவை அடைத்தால் குழந்தைகள் வேறு விளையாட்டுக்குப் போய்விடுவார்கள் என்பதும் முழு உண்மையன்று. பலர் கொல்லை வாசலைத் தேடினார்கள். அபிமானிகள் அனுமதியின்றிப் பழைய தீவின் நகல்களை எழுப்பினார்கள். அவற்றில் ஒன்றில் குழந்தைகளுக்குத் தகாத பேச்சு நடமாடுகிறதென்று பி.பி.சி. வெளிப்படுத்தவே, 2020 மே மாதத்தில் டிஸ்னி கம்பெனி அதை மூடச் செய்தது. மற்றொரு நகலை 2022 ஏப்ரலில் லண்டன் மாநகரப் போலீஸார் கைப்பற்றி மூவரைக் கைது செய்தனர். முன்வாசலில் காவலன் இருந்தான், கொல்லையில் இல்லை. நேர்வழியில் பாதுகாக்கச் சட்டம் இடம் தராதபோது, பாதுகாப்பற்ற வழி தானே திறந்துகொள்கிறது.

பிற நாட்டார் விழித்துக்கொண்டிருக்கிறார்கள். யூபிசாஃப்ட் கம்பெனி ‘தி க்ரூ’ என்ற கார்ப் பந்தய விளையாட்டை 2024 மார்ச்சில் நிறுத்தியபின், விற்ற விளையாட்டை அழிக்காதே என்று ஐரோப்பாவில் எழுந்த குடிமக்கள் மனுவில் 2025 ஜூலைக்குள் 10 லட்சம் பேருக்கு மேல் கையெழுத்திட்டனர். அனுமதியை மட்டும் தந்துவிட்டு ‘வாங்கு’ என்று சொல்லி ஏமாற்றலாகாதென்று கலிஃபோர்னியா மாகாணம் சட்டம் செய்து, அது 2025 ஜனவரி முதல் அமலுக்கு வந்தது.

நம் நாட்டில்? 2025 ஆகஸ்டில் பார்லிமெண்ட் இயற்றிய இணைய விளையாட்டுச் சட்டம் பணம் வைத்து ஆடுவதைத் தடை செய்தது. அதை நாம் வரவேற்கிறோம். பந்தயமற்ற ‘சமூக விளையாட்டு’ என்ற வகையையும் அச்சட்டம் அங்கீகரித்து, அதற்குச் சந்தா வசூலிக்கவும் இடம் தந்திருக்கிறது. பெங்குவின் தீவைப் போன்றவை இவ்வகையில்தான் சேரும். ஆனால் சந்தா வாங்கியவன் கடையைக் கட்டும் நாளில் குழந்தைக்கு என்ன கடமைப்பட்டவன்? அச்சட்டம் இதைப் பற்றி மௌனம் சாதிக்கிறது. ஐம்பது பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையை மூடும் முதலாளி அறுபது நாள் முன்னறிவிப்புக் கொடுக்கத் தொழிற்சட்டப்படி கடமைப்பட்டவன். எண்ணூர்ப் பறவைகளின் சிறகில் எண்ணெய் படிந்தபோது பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கெடுத்தது. குழந்தையின் திரைப் பறவைக்கு மட்டும் முறையிட ஒரு படிக்கட்டும் இல்லை.

ஆகவே நாம் கோருவன நான்கு. குழந்தைகளிடம் சந்தா பெறும் எந்த விளையாட்டுலகமும் ஆறு மாத முன்னறிவிப்பின்றி மூடப்படலாகாது. செலவழியாத சந்தாவைக் கேளாமலே திருப்பித் தர வேண்டும். குழந்தை கட்டிய வீட்டையும் தீட்டிய படத்தையும் அதன் கையில் ஒரு பிரதியாக ஒப்படைக்க வேண்டும். லாபமின்றிப் பாதுகாக்க முன்வரும் பள்ளிக்கோ நூலகத்துக்கோ, தக்க காவலோடு நடத்த அனுமதி தர வேண்டும். இவற்றை மேற்படி சட்டத்தின் விதிகளிலேயே சேர்க்கலாம்.

அதுவரையில் கைகட்டி நிற்கவும் தேவையில்லை. காரணமின்றி ஒருதலைப்பட்சமாக முறிக்க இடந்தரும் ஒப்பந்தம் நியாயமற்றதென்று 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் கூறுகிறது. அத்தகைய நிபந்தனையைச் செல்லாதென அறிவிக்க மாநில ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. தந்தைமாரும் நுகர்வோர் சங்கத்தாரும் ஒரு வழக்கேனும் தொடுத்துப் பார்க்கட்டும்.

இறுதியாக ஒன்று. பெங்குவின் தீவு ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானிஷ், போர்ச்சுகீசியம், ஜெர்மன், ரஷ்யன் ஆகிய ஆறு மொழிகளில் பேசிற்று. நம் மொழி எதுவும் அவற்றில் இல்லை. கூழைக்கடாவும் உள்ளானும் உலாவும் ஒரு கழிமுகத் தீவைத் தமிழில் அமைக்கத் திறனுள்ள இளைஞர்கள் நம்மிடையே நிரம்ப இருக்கிறார்கள். அவர்கள் அமைப்பார்களாயின், அதன் சாவியில் ஒரு பிரதி முதல்நாளே குழந்தைகளின் கையில் இருக்கட்டும்.