சிறு தொலைகாட்டியும் அதற்குரிய துணைக்கருவிகளும்

வானத்தை ஆராயக் கருவி தேடுவோர் பெரும்பாலும் குழாயின் நீளத்தையும், பெட்டியின்மேல் அச்சிடப்பட்டிருக்கும் உருப்பெருக்க எண்ணையும் பார்த்தே விலை பேசுகின்றனர். 70 மில்லிமீற்றர் விட்டமுள்ள பொருளி வில்லையும் 700 மில்லிமீற்றர் குவியத்தூரமும் கொண்ட முறிவுத் தொலைகாட்டி இன்று பாடசாலையொன்று முயன்றால் வாங்கக்கூடிய பொருளாகிவிட்டது. வாங்கிய முதல் வாரம் மாணவர் வரிசையில் நிற்பர். சனியின் வளையத்தைக் காணப்போகின்றோமென்று காத்துநின்ற பிள்ளை, நடுங்குகின்ற மங்கலான வட்டமொன்றைக் கண்டு, வானியல் இவ்வளவுதான் போலும் என்று திரும்பிவிடுகின்றது. பின்னர்க் கருவி ஆய்வுகூட அலுமாரியின் மேற்றட்டை அடைகின்றது. இதற்குக் காரணம் பெரும்பாலும் பொருளி வில்லையன்று. அதனோடு சேர்த்து விற்கப்படும் துணைக்கருவிகள் தரங்குறைந்தவை. அன்றியும், அவை மட்டக்களப்பு வானத்தை நினைத்துச் செய்யப்பட்டவையல்ல. சிறிய கருவியொன்றைப் பயனுள்ளதாக்குவதற்கு எவற்றை வாங்கவேண்டும், எவற்றை ஒதுக்கவேண்டும் என்பதை இங்கு ஆராய்வோம்.

முறிவுத் தொலைகாட்டியின் முன்னுள்ள பொருளி வில்லை, தொலைவிலுள்ள பொருளின் விம்பத்தைத் தன் குவியத்தில் அமைக்கின்றது. அவ்விம்பத்தைப் பெரிதாக்கி நம் கண்ணுக்குக் காட்டுவது பார்வைத்துண்டு. ‘துண்டு’ என்னும் சொல் அதனை அற்பப் பொருள்போலக் காட்டினும், தொலைகாட்டியின் பாதி அதுவே எனலாம். பொருளியின் குவியத்தூரத்தைப் பார்வைத்துண்டின் குவியத்தூரத்தால் வகுக்க உருப்பெருக்கம் கிடைக்கும். 700 மில்லிமீற்றர்க் குழாயில் 20 மில்லிமீற்றர்ப் பார்வைத்துண்டை இட்டால் 35 மடங்கு. 4 மில்லிமீற்றர்த் துண்டை இட்டால் 175 மடங்கு. அந்த 4 மில்லிமீற்றர்த் துண்டின்முன் மும்மடங்கு பார்லோ வில்லையொன்றையும் செருகினால் 525 மடங்கு ஆகும். பெட்டியின்மேற் காணும் பெருமைக்குரிய எண் இவ்வாறு பிறந்ததே. கணக்கிற் பிழையில்லை; ஆனாற் காட்சியில் ஒன்றுமில்லை.

ஏனெனின், 70 மில்லிமீற்றர் வில்லை திரட்டக்கூடிய ஒளி ஓரளவினதே. உருப்பெருக்கம் இருமடங்கானால், அதே ஒளி நான்மடங்கு பரப்பிற் பரவவேண்டியிருத்தலின், விம்பத்தின் ஒளிச்செறிவு நான்கிலொன்றாகும். 525 மடங்கிற் பார்வைத்துண்டிலிருந்து வெளிப்படும் ஒளிக்கற்றையின் விட்டம் ஒரு மில்லிமீற்றரில் ஏறக்குறைய எட்டிலொரு பங்கே. மேலும், ஒளி அலைத்தன்மை உடையதாதலால், ஒவ்வொரு வில்லைக்கும் அதன் விட்டத்தைப் பொறுத்துப் பிரித்தறியும் ஆற்றலுக்கோர் எல்லையுண்டு. ஆங்கில வானியலாளர் டாவ்ஸ் என்பார் வகுத்த விதிப்படி, 116 என்னும் எண்ணை வில்லையின் விட்டத்தால் (மில்லிமீற்றரில்) வகுத்தால் அவ்வெல்லை விகலையிற் கிடைக்கும். நமது கருவிக்கு அது 1.66 விகலை. அதனினும் நுண்ணியதை எத்துணைப் பெருக்கினும் காணவியலாது. விட்டத்தை மில்லிமீற்றரிற் சொல்லி அதனை இரட்டித்தால் வரும் எண்ணே பயனுள்ள உருப்பெருக்கத்தின் மேலெல்லை என்பது அநுபவத்திற் கண்ட முறை, அஃதாவது 140. வளி அமைதியற்ற இரவுகளில் அதனையும் எட்டமுடியாது.

பெரிய எண்ணில் மயங்குவோர் வரலாற்றை நோக்குதல் நன்று. 1610 சனவரியிற் கலிலியோ வியாழனின் துணைக்கோள்களைக் கண்டது ஏறக்குறைய 20 மடங்கு பெருக்கிய கருவியினாலேயாம். 1655 மார்ச்சு 25 அன்று ஒல்லாந்து தேயத்து ஹைகன்ஸ் சனியின் துணைக்கோளாகிய டைற்றனைக் கண்டபோது அவருடைய கருவி பெருக்கியது 50 மடங்களவே. அவ்விருவரின் வில்லைகளைவிட நம் பாடசாலைக் கருவியின் பொருளி பன்மடங்கு சிறந்தது.

இனிப் பார்வைத்துண்டின் வகைகளைக் காண்போம். மேற்கூறிய ஹைகன்ஸ் அமைத்த இருவில்லைப் பார்வைத்துண்டே மலிவான கருவிகளில் இன்றும் ‘எச்’ என்னும் எழுத்துப் பொறிக்கப்பட்டு வருகின்றது. ‘எஸ்.ஆர்.’ என்று பொறிக்கப்பட்டது 18ஆம் நூற்றாண்டில் ராம்ஸ்டன் கண்ட அமைப்பின் வழிவந்தது. இவையிரண்டும் மிக நீண்ட குழாய்களுக்கு உரியவை. குறுகிய குழாயில் விளிம்புகளில் நிறங்களைச் சிந்தும். 1849இற் கெல்னர் அமைத்த மூவில்லைத் துண்டு இவற்றிலும் மேலானது. 1860இல் வியன்னா நகரத்துப் புளோசல் இரண்டு இணைவில்லைகளை எதிரெதிரே வைத்து ஆக்கியதே இன்று விலைக்கும் தரத்துக்கும் பொருத்தமாகக் கிடைப்பது. அதன் பார்வைப்புலம் 50 பாகையளவு. இதனினும் விரிந்த புலமுடையனவும் உள. அவற்றின் விலை சிறிய தொலைகாட்டியின் விலையையே விழுங்கிவிடும். குதிரையை விற்றுச் சேணம் வாங்குதல் அறிவுடைமையாகாது.

வாங்குமுன் குழாயின் வாயை அளந்து பார்க்கவேண்டும். பழைய கருவிகள் சிலவற்றில் 24.5 மில்லிமீற்றர் விட்டமுள்ள துண்டுகளே பொருந்தும். இன்றைய நல்ல துண்டுகள் 31.7 மில்லிமீற்றரின. பின்னது பொருந்துமாயின், முதலில் வாங்கவேண்டியது 32 மில்லிமீற்றர்ப் புளோசல். அது 22 மடங்கு பெருக்கும், 2.3 பாகை அகலமான வானத்தைக் காட்டும். நான்கு முழுமதிகளை வரிசையாக வைத்தாலும் அதனுள் அடங்கும். அடுத்தது 12 மில்லிமீற்றர்ப் புளோசல், 58 மடங்கு. மூன்றாவது, நல்ல இருமடங்கு பார்லோ வில்லை. ஆங்கிலக் கணித அறிஞர் பீற்றர் பார்லோவின் பெயர்பெற்ற இக்குழிவுவில்லை பொருளியின் குவியத்தூரத்தை நீட்டுவது. இம்மூன்றினாலும் 22, 44, 58, 117 என்னும் நான்கு உருப்பெருக்கங்கள் கிடைக்கும். பலர் 25 மில்லிமீற்றரும் 12.5 மில்லிமீற்றரும் வாங்கி, அவற்றோடு இருமடங்கு பார்லோவும் வாங்குவர். 25ஐப் பார்லோவோடு சேர்த்தால் அதுவே 12.5 ஆகிவிடுதலின் ஒரு துண்டின் விலை வீணாகின்றது.

6 மில்லிமீற்றர்ப் புளோசல் வாங்கினால் பார்லோ வேண்டியதில்லையே எனின், அங்கே ஓர் இடர்ப்பாடு உண்டு. புளோசல் துண்டுகளிற் கண்ணை வைக்கவேண்டிய தூரம் அதன் குவியத்தூரத்தில் பத்தில் ஏழு பங்களவு. 6 மில்லிமீற்றர்த் துண்டில் அது நான்கு மில்லிமீற்றர்தான். இமைமயிர் கண்ணாடியிற் படும். மூக்குக்கண்ணாடி அணிந்தவர் அதனூடே பார்த்தல் அரிது. பார்லோவைச் சேர்த்தால் 12 மில்லிமீற்றர்த் துண்டின் வசதி குறையாமலே அதே பெருக்கம் வந்துவிடும். நாற்பது பிள்ளைகள் மாறிமாறிப் பார்க்கும் பாடசாலைக் கருவிக்கு இது சிறுகாரியமன்று.

இதுகாறும் கூறியவை எவ்வூருக்கும் ஒக்கும். மட்டக்களப்புக்கு உரிய சிறப்பை இனி நோக்குவோம். இந்நகரின் அகலக்கோடு வடக்கே ஏறக்குறைய 7.7 பாகை. சித்திரை வருடப்பிறப்புக்குச் சில நாள் முன்னரும், செப்ரெம்பர் முதல் வாரத்திலும் நண்பகற் சூரியன் நம் தலைக்கு நேர்மேலே நின்று, நட்ட கழியின் நிழலை மறைத்துவிடுகின்றது. சூரியன் செல்லும் பாதையை ஒட்டியே சந்திரனும் கோள்களும் செல்கின்றன. ஆதலின் அவை உச்சங்கொள்ளும்போது இங்கே அடிவானிலிருந்து 50 பாகைக்குக் கீழே நிற்பதேயில்லை. பெரும்பாலும் 60க்கும் 90க்கும் இடையிலேயே நிற்கும். இலண்டனிற் சனி தெற்கே தாழ்ந்து கூரைகளுக்கு மேல் எட்டிப்பார்க்கும் ஆண்டுகளுண்டு. இங்கே அத்தொல்லை இல்லை. தலைக்கு மேலுள்ள வளிப்படலம் மெல்லியதாதலாற் கோள்களின் விம்பமும் தெளிவாகும். ஐரோப்பிய வானியலாளர் பலர் பெற விரும்பும் பேறு இது.

ஆயின் கழுத்துக்கு அது பேறன்று. குழாய் உச்சியை நோக்கி நிற்கும்போது நேரே கண்வைத்துப் பார்க்க ஒருவர் தரையிற் படுக்கவேண்டும். சிறு கருவிகளோடு வரும் 45 பாகை அரியம் பறவைகளையும் தோணிகளையும் நிமிர்ந்த விம்பமாகப் பார்க்க ஏற்றது. உச்சி வானுக்கு அது பயன்படாது. அன்றியும் மலிவானவற்றில் ஒளிமிக்க கோள்களுக்குக் குறுக்கே ஒளிக்கீறொன்றை உண்டாக்கும். ஆகவே இப்பிரதேசத்தில் முதலாவது துணைக்கருவி செங்கோணத் திருப்பியே என்பது எம் கருத்து. அரியமாயினும் ஆடியாயினும் இக்குழாய்க்குப் போதும். 32 மில்லிமீற்றர்த் துண்டுக்கும் முன்னர் இதனை வாங்குக என்று கூடச் சொல்லலாம். இதிற் காணும் விம்பம் இடம்வலம் மாறியிருக்கும் என்பதைச் சந்திரப் படத்தோடு ஒப்பிடும் மாணவர்க்குச் சொல்லிவைத்தல் வேண்டும்.

தாங்கியிலும் நம் அகலக்கோடு வந்து குறுக்கிடுகின்றது. பூமியின் சுழற்சியைப் பின்பற்றும் மத்தியகோட்டுத் தாங்கியை அமைக்க அதன் அச்சு துருவமீனை நோக்கவேண்டும். அம்மீன் இங்கே அடிவானிலிருந்து எட்டுப் பாகைக்குள்ளே, தென்னைகளுக்குப் பின்னால் மூட்டத்தில் மறைந்து கிடக்கின்றது. மலிவான தாங்கிகள் பல அத்துணைத் தாழச் சரிவதுமில்லை; சரிந்தாலும் எதிர்நிறை முக்காலியின் காலில் இடிக்கும். மேலுங்கீழும் இடமும் வலமும் திரும்பும் எளிய தாங்கியே நமக்குப் போதுமானது. அதிலும் குழாயின் அடி காலில் முட்டாது உச்சிவரை செல்லுமா என்று கடையிலேயே திருப்பிப் பார்க்கவேண்டும். மிக உச்சியில் இத்தாங்கி திரும்ப மறுக்கும். கோள் உச்சங்கொள்வதற்கு ஒன்றரை மணி நேரம் முன்போ பின்போ பார்த்தால் அத்துன்பமில்லை. கச்சான் காற்று வீசும் மாதங்களில் முக்காலியின் நடுவே மணற்பையொன்றைத் தொங்கவிட்டால் நடுக்கம் பெரிதும் அடங்கும். பகல் வெயிலைக் குடித்த சீமெந்துத் தளம் இரவெல்லாம் வெப்பத்தை விடுத்து விம்பத்தைக் கலக்குமாதலின், புற்றரையோ மணற்றரையோ நன்று.

பொருளைத் தேடிப்பிடிக்க உதவும் வழிகாட்டிக் குழல் மலிவான கருவிகளில் பெயரளவுக்கே இருக்கும். அதற்குப் பதிலாகச் செம்புள்ளி காட்டியொன்றைப் பொருத்துதல் நலம். அதனைக் குழாயோடு நேர்ப்படுத்துதலைப் பகலிற் செய்யவேண்டும். நகரத்தார்க்குப் பாலமீன்மடு வெளிச்சவீட்டின் உச்சியைவிடச் சிறந்த குறி வேறில்லை.

இவ்வளவும் அமைந்தபின் காணத்தக்கவை பல. 22 மடங்கிற் கார்த்திகை மீன்கூட்டம் முழுவதும் ஒருங்கே நிற்கும். மூலத்துக்கு அண்மையிலுள்ள பெரிய மீன்கொத்தும் அவ்வாறே. சித்திரை, வைகாசி இரவுகளில் தெற்கே தென்சிலுவையும், அதற்குக் கிழக்கே மேலே ஒமேகா செந்தோரி என்னும் கோளக்கொத்தும் தோன்றும். இலண்டனில் ஒருபோதும் உதியாத அக்கொத்து நமக்கு 35 பாகை உயரத்தில் மஞ்சுத் துணுக்குப்போல் நிற்கின்றது. 58 மடங்கில் அனுடத்தின் வடமீன் இரண்டாகப் பிரியும். 117 மடங்கில், ஐந்தரை விகலையளவு இடைவெளியுள்ள புனர்பூசத்து இரட்டைமீனும் பிரியும். பின்னது பார்லோவின் தரத்துக்கு நல்ல சோதனை. சனியின் வளையம் 2025 மார்ச்சில் விளிம்பாகத் திரும்பி மறைந்தது. அதிலிருந்து ஆண்டுதோறும் விரிந்து, 2032 அளவில் முற்றத் திறக்கும். இப்போது கீழ்வகுப்பிற் பயிலும் மாணவர் பாடசாலையை விடுமுன் அதன் முழு அழகையும் இச்சிறு கருவியாற் காணலாம், கருவி அதுவரை பிழைத்திருக்குமாயின்.

பிழைத்திருக்குமா என்பது வாவியையும் கடலையும் பொறுத்தது. நீர்சூழ்ந்த இந்நிலத்தின் ஈரமும் உப்பும் வில்லைகளிற் பூஞ்சணத்தை வளர்க்கும். ஒருமுறை வேரோடினாற் கண்ணாடியின் மேற்பூச்சை அரித்துவிடும். பார்வைத்துண்டுகளை இறுக மூடும் பெட்டியிற் சிலிக்கா ஜெல் பையோடு வைக்கவேண்டும். அது நிறம் மாறினாற் சூடாக்கி உலர்த்தி மீண்டும் பயன்படுத்தலாம்; சமையற் பாத்திரத்தில் அதனை வறுத்தலாகாது. பனி படியாதிருக்கப் பொருளியின் முன் கறுப்புத் தடித்தாளாற் செய்த கூடொன்று, வில்லை விட்டத்தின் ஒன்றரை மடங்கு நீளத்திற் போதும். இதற்குக் காசு செலவில்லை. படிந்த பனியை வேட்டித் தலைப்பாலோ சேலைத் தலைப்பாலோ துடைத்தால் மணற்றுகள் கீறிவிடும். தானே உலரவிட்டு, தூசியை இறப்பர்க் குமிழால் ஊதி அகற்றுக. திறந்த குழாயிற் குளவி கூடுகட்டுதலும் நம்மூரில் உண்டு. மூடிகளைத் தொலைக்காதிருத்தல் வேண்டும்.

சந்திர வடிப்பானும் நிறவடிப்பான்களும் இத்தகைய சிறு வில்லைக்கு வேண்டியதில்லை. சூரிய வடிப்பானைப்பற்றியோ கண்டிப்பாகச் சொல்லவேண்டும். பார்வைத்துண்டில் திருகிப் பூட்டும் கருங்கண்ணாடியொன்று பழைய கருவிகள் சிலவற்றோடு வரும். பொருளி திரட்டிய வெப்பமெல்லாம் அதன்மேற் குவிதலால் அது பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெடிக்கக்கூடும். அக்கணத்திற் கண் போய்விடும். அலுமாரியில் அது இருப்பின் இன்றே உடைத்துப் புதைத்துவிடுக. 2019 டிசெம்பர் 26 அன்று யாழ்ப்பாணத்திலும் திருகோணமலையிலும் கங்கண கிரகணம் தோன்றியபோது நம்மில் பலர் தாட்கண்ணாடி அணிந்து சூரியனைப் பார்த்தனர். அக்கண்ணாடி வெறுங்கண்ணுக்கு உரியது. அதனை அணிந்துகொண்டு தொலைகாட்டியில் நோக்குதல் பேராபத்து. பொருளியின் முன் முழுவாயையும் மூடி, காற்றுக்குப் பறவாதபடி கட்டிய தகுந்த சூரியத்தாள் ஒன்றே நேர்நோக்குக்கு ஏற்றது. அஃதில்லையேல், பார்வைத்துண்டுக்குப் பின் ஒரு முழத் தொலைவில் வெள்ளை அட்டையைப் பிடித்து அதிற் சூரியவிம்பத்தை வீழ்த்தலாம். நாம் ஒதுக்கிய பழைய ஹைகன்ஸ் துண்டுக்கு இங்கே வேலையுண்டு: அதில் ஒட்டிய வில்லைகள் இல்லையாதலால் வெப்பத்தால் பசை உருகிக் கெடுவதில்லை. அதன் உடல் உலோகமாயிருத்தல் வேண்டும், பிளாத்திக்கு உருகிவிடும். சூரியப்புள்ளிகளை வகுப்பு முழுவதும் ஒரேநேரத்தில் இவ்வாறு காணலாம். வழிகாட்டிக் குழல் இருந்தால் அதன் இருவாயையும் முன்னரே மூடிவிட்டு, ஆசிரியரொருவர் கருவியை விட்டு அகலாது நிற்கவேண்டும்.