பதினெட்டு வருடத்துக்குப் பிறகு ஒரு பூசை

அம்மா இறந்த வருடம் கோயிலுக்குப் போவதை விட்டேன். சண்டையில்லை, கோபமில்லை; ஞாயிறு காலை உறக்கம் பழகிவிட்டது, அவ்வளவுதான்.

போன தவக்காலத்தில் கண்டி புனித அந்தோனியார் பேராலயத்தில் கடைசி வாங்கில் உட்கார்ந்தேன். முழங்காலிடுவது உடம்புக்கு ஞாபகமிருந்தது. நற்கருணை வரிசைக்கு மட்டும் எழவில்லை.

பூசை முடிந்து ஃபாதரிடம் கேட்டேன், மறுபடி ஞானஸ்நானம் எடுக்க வேண்டுமா என்று. சிரித்தார். "அது அழியாது தம்பி. பாவசங்கீர்த்தனம் செய்தால் போதும்." வருடத்துக்கு ஒருமுறையாவது அதைச் செய்ய வேண்டும் என்பது 1215ஆம் ஆண்டு லாத்தரன் சங்கம் விதித்த சட்டம். பெரிய பாவங்களை மறைக்காமல் சொல்ல வேண்டும்; மறந்துபோனது குற்றமாகாது. கோயிலுக்கு வெளியே கலியாணம் முடித்தவர்கள் முதலில் அதைச் சீர்செய்ய வேண்டும். நான் தனிக்கட்டை, தப்பித்தேன்.

இந்த நாட்டில் திரும்பி வருவது புதிதல்ல. 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருக்களை விரட்டினார்கள். கிட்டத்தட்ட முப்பது வருடம் குருக்களில்லாத சனத்தைத் தேடி, 1687இல் கூலியாள் வேடத்தில் கோவாவிலிருந்து வந்தார் யோசேப்பு வாஸ் என்ற குரு. 1692இல் கண்டிக்கு வந்தவரை ஒற்றன் என்று சந்தேகித்துச் சிறைவைத்தார்கள். அதே கண்டியில்தான் 1711இல் கண்மூடினார். 2015இல் புனிதரானார்.

நானும் பாவசங்கீர்த்தனம் செய்தேன். எனக்குப் பரிகாரம் மூன்று 'அருள் நிறைந்த மரியே'. பாதியில் தட்டியது. பக்கத்து வாங்கு ஆச்சி, நான் கேட்காமலே, சத்தமாக எடுத்துக் கொடுத்தார்.