ரெக்கார்டில் கடைசிப் பாட்டு மட்டும் ஏன் கரகரக்கிறது? ஊசியை நேராக்கும் 3 கணக்குகள்

முதல் பாட்டு அருமையாகக் கேட்கிறது. ஊசி தட்டின் நடுவை நெருங்க நெருங்க, பாடகரின் ‘ஸ’, ‘ஷ’ எல்லாம் சீறுகின்றன. ரெக்கார்டு போச்சு என்று ஒதுக்கிவைக்கும் முன் ஒன்றைப் பாருங்கள். ஊசியில் தூசி இல்லை, தேய்மானமும் இல்லை என்றால், கார்ட்ரிட்ஜ் கோணலாக மாட்டப்பட்டிருக்கலாம்.

பிரச்சினை எங்கே?

மூலத்தட்டை வெட்டும் இயந்திரத்தில், வெட்டும் ஊசி ஓரத்திலிருந்து நடுவை நோக்கி நேர்கோட்டில் நகரும். வீட்டு டர்ன்டேபிளின் டோன் ஆர்ம் அப்படியில்லை. கதவு திறப்பதுபோல வளைந்துதான் நகரும். அதனால் ஊசி பள்ளத்தோடு மிகச் சரியாகப் பொருந்துவது இரண்டே இடங்களில்தான். மற்ற இடங்களில் கொஞ்சம் விலகும்.

அந்த விலகல் உள்பக்கத்தில் அதிகம் உறுத்தும். 33⅓ சுற்று எல்பி-யின் வெளி ஓரத்தில் நொடிக்குச் சுமார் 51 செ.மீ. பள்ளம் ஊசிக்கு அடியில் ஓடுகிறது. கடைசியில் அது 21 செ.மீ.தான். அதே ஒலி பாதிக்கும் குறைவான நீளத்தில் நெருக்கியடித்துப் பதிந்திருக்கிறது.

எந்த ப்ரொட்ராக்டர்?

அந்த இரண்டு இடங்களை எங்கே வைப்பது என்பதில்தான் ப்ரொட்ராக்டர்கள் மாறுபடுகின்றன. தட்டின் மையத்திலிருந்து கணக்கு இது:

* லோஃப்கிரென் ஏ (பேர்வால்ட்): 66 மி.மீ., 120.9 மி.மீ. 1938-ல் ஸ்வீடனின் எரிக் லோஃப்கிரென் போட்ட கணக்கு. 1941-ல் பேர்வால்டும் இதே முடிவுக்கு வந்தார். சிதைவின் உச்சம் எங்கும் எகிறாமல் பார்த்துக்கொள்ளும்.

* லோஃப்கிரென் பி: 70.3 மி.மீ., 116.6 மி.மீ. மொத்தச் சராசரி குறையும். ஆனால், இரு ஓரங்களிலும் சற்றுக் கூடும்.

* ஸ்டீவன்சன் (1966): 60.3 மி.மீ., 117.4 மி.மீ. கடைசிப் பகுதிக்கு முன்னுரிமை. உச்சத்தில் முடியும் சிம்ஃபனிகளுக்கு ஏற்றது. பதிலுக்கு, தட்டின் மற்ற பகுதிகளில் சிதைவு கொஞ்சம் கூடும்.

எப்படிச் செய்வது?

ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிடுங்கள். தட்டு சுற்றாமல் இருக்கட்டும். ப்ரொட்ராக்டரை அதன் மேல் வைத்து, ஊசியை முதல் புள்ளியில் மெதுவாக இறக்குங்கள். ஊசியைத் தாங்கும் மெல்லிய தண்டு, அங்குள்ள கோடுகளுக்கு இணையாக இருக்க வேண்டும். இரண்டாவது புள்ளியிலும் அப்படியே இருக்கிறதா? இல்லையென்றால் ஹெட்ஷெல் திருகுகளைத் தளர்த்தி, கார்ட்ரிட்ஜை முன்பின் நகர்த்தி மறுபடி பாருங்கள். இரண்டிலும் பொருந்தினால், வேலை முடிந்தது. கடைசியில் ஊசி அழுத்தத்தை மீண்டும் அளந்து சரிசெய்யுங்கள்.

வளைகோடு போட்ட ‘ஆர்க்’ ப்ரொட்ராக்டர் இன்னும் துல்லியமானது. ஆனால், உங்கள் ஆர்மின் அளவுக்கென்றே தயாரித்ததாக இருக்க வேண்டும். எதை பிரின்ட் எடுத்தாலும் ஸ்கேல் வைத்து அளவைச் சரிபாருங்கள்.

எந்தக் கணக்கும் விலகலை ஒழிக்காது. எங்கே குறையட்டும் என்பதைத்தான் நீங்கள் தேர்ந்தெடுக்கிறீர்கள். வழக்கமான 9 அங்குல ஆர்மில் ‘ஏ’-க்கும் ‘பி’-க்கும் இடையே கார்ட்ரிட்ஜ் நகரும் தூரம் அரை மி.மீ. அளவுதான். எது சிறந்தது என்று குழம்புவதைவிட, ஒன்றை எடுத்துப் பொறுமையாகச் செய்தாலே போதும்.