ஒரே வாசலை நம்பிய கடை: இணைய விளம்பர வருமானம் பற்றிச் சில உண்மைகள்

கண்டி மாவட்ட முஸ்லிம் வியாபாரிகளால் 2018 மார்ச் மாதத்தை இலகுவில் மறக்க முடியாது. திகன, தெல்தெனிய, கட்டுகஸ்தோட்டை, அக்குறணை, அம்பதென்ன ஆகிய பகுதிகளில் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்ட நாட்கள் அவை. மார்ச் 6ஆம் திகதி நாட்டில் அவசரகால நிலை பிரகடனம் செய்யப்பட்டது. மறுநாள் பேஸ்புக், வட்ஸ்அப், இன்ஸ்டகிராம், வைபர் ஆகியவற்றை அரசாங்கம் முடக்கியது. பேஸ்புக் மீண்டும் திறக்கப்பட்டது 15ஆம் திகதிதான்.

அந்த நாட்களில் நான் மிளகு, ஏலம், கறுவா, கராம்பு பற்றி எழுதும் சிறியதொரு தமிழ் இணையத்தளத்தை நடத்தி வந்தேன். பத்து வாசகரில் ஒன்பது பேர் பேஸ்புக் வழியாகவே வந்தார்கள். முடக்கம் வந்ததும் உள்ளூர் வாசகர்கள் நின்றுபோனார்கள். வெளிநாட்டில் இருந்தவர்களுக்குத் தடை இல்லைதான். ஆனால் அவர்களுக்காகப் புதிதாக ஏதாவது போடுவதற்கு எனக்கு வழியிருக்கவில்லை. ஊர் எரிந்துகொண்டிருந்த வேளையில் வாசகர் குறைந்தது ஒரு நட்டமே அல்ல. என்றாலும் நிலைமை அடங்கிய பின்னர் யோசித்துப் பார்த்தேன். நான் வைத்திருந்தது ஒரே வாசலுள்ள கடை. அந்த வாசலின் சாவியும் என்னிடம் இருக்கவில்லை.

அது ஒரு தடவையோடு முடிந்த விடயமும் அல்ல. 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் தாக்குதல்களுக்குப் பின்னர் சமூக ஊடகங்கள் மீண்டும் ஒரு வாரத்துக்கு மேல் முடங்கின. 2022 ஏப்ரல் 3ஆம் திகதி, பொருளாதார நெருக்கடிக் காலத்தில் மற்றொரு தடை வந்தது. 2021 ஒக்டோபர் 4ஆம் திகதி எந்த அரசாங்கமும் தடுக்காமலேயே பேஸ்புக்கும் வட்ஸ்அப்பும் இன்ஸ்டகிராமும் உலகம் முழுவதும் சுமார் ஆறு மணித்தியாலங்கள் செயலிழந்தன. இணையத்தில் எழுதியோ காணொளி போட்டோ விளம்பர வருமானம் தேட விரும்பும் நமது சகோதரர்கள் முதலில் மனதில் கொள்ள வேண்டியது இதைத்தான்.

விளம்பரக் காசு எங்கிருந்து வருகிறது?

பலருக்கு இதில் தெளிவில்லை. உங்கள் இணையத்தளத்தில் ஓர் இடத்தை விளம்பரத்துக்கென்று ஒதுக்குகிறீர்கள். கூகுளின் அட்சென்ஸ் சேவை அந்த இடத்தை, ஒவ்வொரு வாசகரும் பக்கத்தைத் திறக்கும் கணத்திலேயே, ஏலத்தில் விடுகிறது. கூடிய விலை கேட்கும் விளம்பரதாரர் அந்த இடத்தைப் பெறுகிறார். அவர் கொடுக்கும் பணத்தில் ஏறத்தாழ 68 வீதம் தள உரிமையாளரைச் சேரும். தமிழ் மொழித் தளங்களை அட்சென்ஸ் முறையாக ஏற்றுக்கொண்டது 2018 பெப்ரவரியில். அதாவது தமிழில் எழுதுபவருக்கு இந்தக் கதவு திறந்த அடுத்த மாதமே கண்டியில் பேஸ்புக் மூடப்பட்டது.

ஏலம் என்பதால் விலை எல்லா வாசகருக்கும் ஒன்றல்ல. வாசகர் எந்த நாட்டில் இருக்கிறார், எதைப் பற்றி வாசிக்கிறார் என்பவற்றைப் பொறுத்தே விலை அமையும். மடவளையில் இருந்து வாசிப்பவரை விட, இலண்டனிலோ டோஹாவிலோ இருந்து வாசிக்கும் நமது பிள்ளைக்குக் காட்டப்படும் விளம்பரம் பெரும்பாலும் கூடிய விலைக்குப் போகும்.

எவ்வளவு வரும்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆயிரம் தடவை பக்கம் திறக்கப்பட்டால் அரை டொலர் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இது விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்ட தொகை மட்டுமே. அப்படியானால் 100 டொலர் சேர்வதற்கு இரண்டு இலட்சம் தடவை திறக்கப்பட வேண்டும். 100 டொலர் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. அந்தத் தொகை சேரும் வரை அட்சென்ஸ் பணம் அனுப்பாது, அடுத்த மாதத்துக்குக் கொண்டு செல்லும். அதற்கு முன்னர், 10 டொலர் சேர்ந்ததும் உங்கள் முகவரியை உறுதிப்படுத்த ஓர் இரகசிய இலக்கத்தைத் தபாலில் அனுப்புவார்கள். வீட்டு இலக்கம் சரியாக இல்லாத ஒழுங்கைகளில் வசிப்பவர்கள் கடை முகவரியைக் கொடுப்பது நல்லது. தபாற்காரர் தேடி அலைய வேண்டியிருக்காது.

யூடியூபில் கணக்கு வேறு. கடந்த 12 மாதங்களுக்குள் 4000 மணித்தியாலப் பார்வையும் 1000 சந்தாதாரரும் இருந்தால்தான் விளம்பர வருமானத்தில் பங்கு கேட்கலாம். குறுங்காணொளி மட்டும் போடுபவர், மணித்தியாலக் கணக்குக்குப் பதிலாக 90 நாட்களில் ஒரு கோடிப் பார்வைகளைக் காட்ட வேண்டும். நீண்ட காணொளிகளுக்கான விளம்பர வருமானத்தில் 55 வீதம் காணொளி போட்டவருக்குரியது.

ஆகவே "வீட்டில் இருந்தே மாதம் இலட்சம்" என்று யாராவது வகுப்பு நடத்திக் கட்டணம் கேட்டால், இந்தக் கணக்கை அவர் முன்னால் வைத்து விளக்கம் கேளுங்கள்.

ஒவ்வோர் ஊடகத்துக்கும் ஒரு வேலை

பல ஊடகங்களில் இருப்பது என்றால் எல்லா இடத்திலும் ஒரே பதிவை அள்ளி வீசுவது அல்ல. கண்டிக் கடைவீதியில் ஒருவர் மொத்த வியாபாரம் செய்கிறார், மற்றவர் சில்லறை விற்கிறார், இன்னொருவர் லொறியில் ஊர் ஊராகக் கொண்டுபோகிறார். சமூக ஊடகங்களும் அப்படித்தான்.

பேஸ்புக், ஊர் மக்கள் கூடும் சந்தி. புதியவர்கள் நம்மை அறிவதற்கு அது உதவும். ஆனால் இன்று போட்ட பதிவு நாளை மறுநாள் கண்ணில் படாது.

யூடியூபும் கூகுள் தேடலும் பண்டகசாலை போன்றவை. இன்று வைத்த சரக்கை மூன்று வருடங்களுக்குப் பின்னரும் ஒருவர் தேடி வந்து எடுப்பார். மிளகைப் பூஞ்சணம் பிடிக்காமல் காயவைப்பது எப்படி என்று நான் எழுதிய ஒரு கட்டுரைக்கு ஒவ்வொரு மிளகுப் பருவத்திலும் புதிய வாசகர்கள் வருகிறார்கள். அதே வாரத்தில் போட்ட பெருநாள் வாழ்த்துப் படத்துக்கு அன்று நூற்றுக்கணக்கில் விருப்பக்குறி விழுந்தது. இன்று அதைத் தேடுவார் எவருமில்லை.

டிக்டொக்கும் இன்ஸ்டகிராமும் கண்ணாடி அலுமாரி. நடந்து போகிறவரை ஒரு கணம் நிறுத்தும். நின்றவரை உள்ளே அழைப்பது உங்கள் திறமை.

வட்ஸ்அப், வாடிக்கையாளரின் வீட்டுக் கதவு. அதைத் தட்டுவதற்கு அனுமதி வேண்டும். ஒலிபரப்புப் பட்டியல் ஒன்றில் 256 பேரைச் சேர்க்கலாம். ஆனால் உங்கள் இலக்கத்தைத் தமது தொலைபேசியில் பதிந்து வைத்திருப்பவருக்கு மட்டுமே செய்தி போய்ச் சேரும். 2023இல் வந்த சனல் வசதியில் இந்த எல்லை கிடையாது. அதில் இருப்பவர்களின் இலக்கங்கள் மற்றவர்களுக்குத் தெரிவதுமில்லை. நமது பெண் வாசகர்கள் பலர் விரும்புவது இதைத்தான்.

இவை எல்லாவற்றுக்கும் நடுவில் உங்கள் சொந்தப் பெயரில், வருடக் கட்டணம் கட்டிப் பதிவு செய்த இணையத்தளம் ஒன்று இருக்க வேண்டும். மற்றவை எல்லாம் அங்கே வந்து சேரும் பாதைகள். பேஸ்புக் பக்கத்தை மட்டும் வளர்ப்பது, கீமணியும் எழுத்தும் இல்லாமல் பிறர் கட்டடத்தில் கடை போட்டு, சொந்தச் செலவில் தட்டு அடிப்பதற்குச் சமம். உரிமையாளர் எழும்பச் சொன்னால் அன்றே எழும்ப வேண்டியதுதான்.

ஒரு சரக்கு, ஐந்து பொதி

"கடையையும் பார்த்துக்கொண்டு இத்தனை இடத்தில் எழுத நேரம் எங்கே?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அகலக்கால் வைக்கத் தேவையில்லை. வாரத்துக்கு ஒரு விடயம் போதும்.

மிளகையே எடுத்துக்கொள்வோம். பறித்த மிளகைக் காயவைக்க முன்னர் கொதிநீரில் சற்று நேரம் அமிழ்த்தி எடுத்தால் நிறம் ஒரே சீராகக் கறுக்கும், காய்வதும் விரைவு. இதை முழு விபரத்துடன் கட்டுரையாக உங்கள் இணையத்தளத்தில் எழுதுங்கள். சந்தேகம் இருந்தால் பேராதனையில் உள்ள ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தில் கேட்டுத் தெளிவு பெறுங்கள். அதே வேலையைச் செய்யும்போது ஒருவரைக் கொண்டு ஐந்து நிமிடம் படம் பிடித்தால் யூடியூபுக்கு ஆயிற்று. அதில் கொதிநீரில் மிளகு விழும் முப்பது செக்கன் டிக்டொக்குக்கும் இன்ஸ்டகிராமுக்கும் போதும். காய்ந்ததையும் காயாததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்த ஒரு படம் பேஸ்புக்குக்கு. இரண்டு வரியும் கட்டுரையின் இணைப்பும் வட்ஸ்அப் சனலுக்கு. சரக்கு ஒன்று, பொதி ஐந்து.

நேரத்தையும் கவனிக்க வேண்டும். சவூதியிலும் கட்டாரிலும் வெள்ளிக்கிழமை விடுமுறை. ஐக்கிய அரபு இராச்சியத்தில் 2022 முதல் அரச விடுமுறை சனி, ஞாயிறு. நமது நேரம் சவூதியை விட இரண்டரை மணித்தியாலம் முந்தியது. இரவு ஒன்பதரைக்கு நாம் போடும் பதிவு அங்கே மாலை ஏழு மணிக்குப் போய்ச் சேரும்.

மாத முடிவில் வாசகர்கள் எந்த வழியால் வந்தார்கள் என்று பாருங்கள். கூகுள் அனலிட்டிக்ஸ் இதை இலவசமாகவே காட்டும். ஒரே பாதையால் வந்தவர்கள் பாதிக்கு மேல் என்றால் அடுத்த மாதம் மற்றப் பாதைகளைக் கவனியுங்கள். நான் இன்றும் பின்பற்றும் விதி இது.

ஹலாலான சம்பாத்தியம்

ஏலத்தில் வெல்லும் விளம்பரம் எதுவென்று நமக்கு முன்கூட்டித் தெரியாது. மார்க்கக் கட்டுரைக்குப் பக்கத்தில் வட்டிக்கடன் விளம்பரம் வந்து நிற்கலாம். இதற்கு வழி இருக்கிறது. அட்சென்ஸ் கணக்கினுள் விளம்பரத் தடுப்புக் கட்டுப்பாடுகள் என்ற பகுதி உண்டு. சூதாட்டம், மதுபானம், துணை தேடும் சேவைகள், ஆபாசமான படங்கள் போன்ற வகைகளை அங்கே தடுக்கலாம். குறிப்பிட்ட நிறுவனத்தின் இணைய முகவரியைக் கொடுத்து அதன் விளம்பரத்தை மட்டும் நிறுத்தவும் முடியும். கணக்குத் திறந்த முதல் நாளே இதைச் செய்யுங்கள். பின்னரும் மாதம் ஒரு தடவை எவை வருகின்றன என்று பாருங்கள். வருமானம் சற்றுக் குறையும். பரக்கத் குறையாது. சந்தேகமான விடயங்களில் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவு பெறுவதே பேணுதல்.

இன்னொன்றும் உண்டு. எனக்குத் தெரிந்த இளைஞர் ஒருவர் தமது குடும்பத்தவர்களை அழைத்து, "எனது பக்கத்து விளம்பரங்களைத் தினமும் அழுத்துங்கள்" என்று சொல்லி வைத்தார். இரண்டு மாதத்தில் கணக்கு மூடப்பட்டது, சேர்ந்த பணமும் போனது. தவறு அவருடையதுதான். பொருள் வாங்கும் எண்ணமில்லாமல் அழுத்தி விளம்பரதாரரிடம் காசு எடுப்பது, தராசில் விரல் வைப்பதற்கு ஒப்பானது.

பொய்க்கு வரும் கூட்டம்

இறுதியாக, மிக முக்கியமானது. வாசகர் தொகையை விரைவாக ஏற்றுவதற்கு எளிய வழி ஒன்று இருப்பதை எல்லோரும் அறிவார்கள். ஆத்திரமூட்டும் தலைப்பு, பாதி உண்மை, மீதி வதந்தி. அதற்கு என்ன விலை என்பதைக் கண்டியில் வாழும் நமக்கு எவரும் சொல்லித்தரத் தேவையில்லை. 2018 பெப்ரவரியில் அம்பாறையில், முஸ்லிம் உணவகத்து உணவில் மலட்டு மாத்திரை கலக்கப்படுகிறது என்ற பொய் பரவியது. அடுத்த வாரமே திகன எரிந்தது. அந்த வன்முறையில் தனது தளம் வகித்த பங்குக்காக 2020 மே மாதத்தில் பேஸ்புக் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. அந்த வதந்திகளைப் பகிர்ந்தவர்களின் பக்கங்களுக்கும் கூட்டம் வந்திருக்கும். அதுவும் வாசகர் தொகைதான்.

நமக்கு அந்தக் கூட்டம் வேண்டாம். நமது பக்கத்திலும் மற்றச் சமூகத்தவரைப் பற்றிய ஒரு வதந்திக்கும் இடம் கொடுக்கக் கூடாது. உறுதி செய்யாத செய்தியை நிறுத்தி வைப்பதால் இழக்கும் ஆயிரம் பார்வைகளின் பெறுமதி ஒரு டொலருக்குள். அதைப் போடுவதால் ஒரு கடை எரிந்தால் அதன் பெறுமதி என்ன?

வருமானம் வரத் தொடங்கினால் கணக்குக் கொப்பியில் தனிப் பக்கம் ஒதுக்குங்கள். வெளிநாட்டுக்குச் சேவை வழங்கி வங்கி வழியாகப் பெறும் வெளிநாட்டு நாணய வருமானம் 2025 ஏப்ரல் 1 முதல் வருமான வரிக்கு உட்படுகிறது. அதற்கான உச்ச வீதம் 15. வருடத்துக்கு 18 இலட்சம் ரூபா வரை தனிநபர் நிவாரணம் உண்டு. கடை வருமானமும் சேர்ந்தே கணக்கிடப்படும் என்பதால் உங்கள் கணக்காளரிடம் இதையும் சொல்லி வையுங்கள்.

விளம்பரக் காசு பெரும்பாலானோருக்குத் தொலைபேசிக் கட்டணத்தையும் மின்கட்டணத்தையும் தாங்கும் அளவில்தான் வரும். வியாபாரிக்கு அதைவிடப் பெரிய இலாபம், மிளகைப் பற்றி வாசித்தவர் மிளகு வாங்க நம்மிடமே வருவது. அதற்கு நம்பிக்கை வேண்டும், பல வாசல்களும் வேண்டும். இன்று இரவே உங்கள் கணக்குகளைத் திறந்து, எத்தனை வாசல்கள் இருக்கின்றன, எதன் சாவி உங்கள் கையில் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். இன்ஷா அல்லாஹ், அடுத்த வாரம் வேறொரு விடயத்துடன் சந்திப்போம்.