தொலைவும் நேரமும் – 11: வடதுருவம் வழியாக டோக்கியோ

உருண்டையின் மேலுள்ள குறுக்குவழி தட்டை வரைபடத்தில் பெரும்பாலும் வளைவாகத்தான் தெரியும் என்பதைப் போன வாரமே பார்த்தாயிற்று. இந்த வாரம் காற்று என்று சொல்லியிருந்தேன். அதற்குள் ஹெல்சிங்கி குறுக்கே வந்துவிட்டது.

ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்குக் குறுக்குவழியில் சுமார் 7,800 கிலோமீட்டர். மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் போகும் விமானத்துக்கு, ஏறி இறங்கும் நேரத்தையும் சேர்த்தால், ஒன்பதரை மணி நேரம் ஆகும். 2022 பிப்ரவரி வரை அப்படித்தான் ஆனது. உக்ரைன் போரை ஒட்டி ரஷ்யா தன் வான்வெளியை ஐரோப்பிய விமானங்களுக்கு மூடியதும், அதே விமானம் அதே ஊருக்குப் போக ஏறத்தாழ 13 மணி நேரம் பிடித்தது. மார்ச்சில் ஃபின்லாந்தின் விமான நிறுவனமான ஃபின்ஏர் வடதுருவத்தைத் தாண்டிப் பறக்கத் தொடங்கி, பயணிகளுக்குத் துருவம் கடந்ததற்கான சான்றிதழும் கொடுத்தது. தாமதத்துக்குச் சான்றிதழ் கொடுத்த நிறுவனம் வேறு உண்டா என்று தெரியவில்லை! இரண்டு ஊர்களும் இருந்த இடத்திலேயேதான் இருந்தன. ஆகவே பயண நேரத்தை முதலில் தீர்மானிப்பது தூரமல்ல, அனுமதி. 1944 சிகாகோ உடன்படிக்கையின் முதல் பிரிவே ஒவ்வொரு நாட்டுக்கும் அதன் தலைக்கு மேலுள்ள வானத்தை முழு உரிமையாக்கிவிட்டது.

போர்க்காலத்து விதிவிலக்கை வைத்து விதி சொல்லலாமா என்று கேட்கலாம். வரலாற்றைப் புரட்டினால் எது விதி, எது விலக்கு என்பதே தலைகீழாகிறது. 1957இல் எஸ்ஏஎஸ் என்ற ஸ்காண்டிநேவிய விமான நிறுவனம் கோபன்ஹேகனிலிருந்து அலாஸ்காவின் ஆங்கரேஜ் வழியாக டோக்கியோ போனது. சோவியத் வானம் மூடிக்கிடந்ததால் துருவத்தைத் தொட்டுப் போகும் அந்தச் சுற்றே, தெற்கு வழியோடு ஒப்பிட்டால் பெரிய லாபமாக இருந்தது. அந்த இடைநிறுத்தம் பின்னாளில் எவ்வளவு பழகிப்போனது என்றால், ஆங்கரேஜ் விமான நிலையத்தின் உடோன் நூடுல்ஸ் கடை ஜப்பானியப் பயணிகளிடையே பேர்பெற்றது. 1983இல் இதே ஃபின்ஏர், கூடுதல் எரிபொருள் தொட்டி பொருத்திய டிசி-10 விமானத்தில், எங்கும் இறங்காமல் துருவம் வழியாக டோக்கியோ சேர்ந்தது. அன்றும் 13 மணி நேரம்தான். நாற்பது வருட எஞ்சின் முன்னேற்றத்தை ஓர் அறிவிப்பு அழித்துவிட்டது. சைபீரியா மேல் தடையின்றிப் பறந்த சில பத்தாண்டுகளே நடுவில் வந்த சலுகை. அதற்கும் ரஷ்யா கட்டணம் வசூலித்துக்கொண்டுதான் இருந்தது. ஆசியாவுக்குக் கிட்டத்தில் இருப்பதையே மூலதனமாக்கி வளர்ந்த ஃபின்ஏருக்கு அடி பலமாக விழுந்ததில் வியப்பில்லை.

காற்றும் விமான வகையும் கணக்கில் வராதா? வரும். ஆனால் லண்டன்–பெய்ஜிங் தடத்தைப் பாருங்கள். சீன விமானங்கள் இன்றும் ரஷ்யா மேல் நேராகப் போகின்றன. பிரிட்டிஷ் விமானங்களுக்குச் சுற்றுவழிதான். அந்தச் சேவையையே பிரிட்டிஷ் ஏர்வேஸ் 2024 அக்டோபரில் நிறுத்திக்கொண்டது. ஊர்கள் அவையே, வீசும் காற்றும் அதுவே. வால்பகுதியில் எழுதியிருக்கும் நாட்டின் பெயர் மட்டும் வேறு.

டோக்கியோவிலிருந்து ஐரோப்பா திரும்பும் விமானம் போன வழியை விட்டு ஏன் கிழக்கே கிளம்புகிறது என்பதில்தான் காற்று நுழைகிறது. அது அடுத்த வாரம், வேறெதுவும் குறுக்கே வராவிட்டால்.