மழைக்காலத்தில் மோட்டார் சைக்கிளைப் பேணி வைத்தல்

நாச்சியாபுரத்திலும் சுற்றுப்புறச் சிற்றூர்களிலும் மோட்டார் சைக்கிள் இன்று ஆடம்பரப் பொருளன்று. நெய்த சேலைகளைக் காரைக்குடிக்குக் கொண்டு சேர்ப்பதும், நூற்கட்டுகளைக் கொணர்வதும், உழவருக்கு விதையும் உரமும் ஏற்றி வருவதும் அதுவே. எனினும் அதனை மாதக்கணக்கில் நிறுத்திவைக்க வேண்டிய நிலையும் ஏற்படுகின்றது. வண்டிக்குரியவர் சிங்கப்பூர், மலேசியா என்று பிழைப்பை நாடிச் செல்கிறார். அல்லது, பாவுக்குக் கஞ்சியிட்டு உலர்த்த வெயிலின்றி அடைமழையில் தறி ஓய்ந்துவிட, வண்டியும் ஓய்ந்துவிடுகிறது.

இவ்வாறு ஐப்பசியில் நிறுத்திய வண்டி, பொங்கலுக்குச் சரக்குக் கொண்டுசெல்ல வேண்டிய மார்கழிக் கடைசியில் கிளம்ப மறுக்கிறது. கடன் பெற்று வாங்கிய வண்டியாயின், அது ஓடாத மாதத்திலும் தவணை ஓடிக்கொண்டேயிருக்கும். அதன்மேல் பழுதுபார்க்கும் செலவும் சேரும். அரைநாள் உழைப்பினால் இந்நஷ்டத்தைத் தவிர்க்கலாம். அதற்குரிய முறைகளை இங்கு எடுத்துரைக்க விரும்புகிறோம்.

கனடா, வட ஐரோப்பா முதலிய குளிர்நாடுகளில் பனி உறைந்த சாலைகளில் உப்பைத் தூவுவர். உப்பு இரும்பை அரிக்குமாதலால், அங்கே பலர் குளிர்காலம் முழுவதும் வண்டியைக் கொட்டகையில் வைத்துப் பூட்டிவிடுகின்றனர். நமக்குப் பனி உறைவதில்லை. ஆனால் வடகிழக்குப் பருவமழை உண்டு. தமிழகம் ஆண்டுதோறும் பெறும் மழையில் ஏறக்குறையப் பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலேயே பெய்கின்றது. அவர்களுக்கும் நமக்கும் பகை ஒன்றே, அது ஈரம். வண்டியை நிறுத்திவைக்கும் முறைகள் யாவும் பெரும்பாலும் ஈரத்தை விலக்கும் முறைகளேயாம்.

பெட்ரோல்

2025-ஆம் ஆண்டு முதல் நம் நாட்டுப் பெட்ரோலில் பொதுவாக 20 சதவீதம் எத்தனால் கலந்து வருகிறது. கரும்பு, மக்காச்சோளம், உடைந்த அரிசி முதலியவற்றினின்று எடுக்கப்படும் இப்பொருளுக்கு ஈரத்தை ஈர்க்கும் இயல்பு உண்டு. ஈரம் அளவு கடந்தால், எத்தனாலும் நீரும் ஒன்றுகூடிப் பெட்ரோலினின்று பிரிந்து தொட்டியின் அடியில் தங்கிவிடும். எஞ்சின் முதலில் உறிஞ்சுவது அக்கலவையைத்தான். தொட்டியில் துரு ஏறுவதும் அதனால்தான்.

ஆகவே இரண்டு மூன்று மாதமே நிறுத்துவதாயின், புதிய பெட்ரோலால் தொட்டியை நிரப்பி வைத்தல் நன்று. உள்ளே காற்று குறைந்தால் ஈரமும் குறையும். வெப்பத்தில் பெட்ரோல் விரியுமாதலால் விளிம்பு வரை நிரப்பலாகாது. அதற்கும் மேற்பட்ட காலமாயின், மெக்கானிக்கைக் கொண்டு வடித்துவிடுவதே தக்கது. வடித்த பெட்ரோலை ஓடுகின்ற வேறு வண்டிக்கு ஊற்ற வேண்டுமேயன்றி, ஒருபோதும் வீட்டினுள் சேமித்து வைத்தலாகாது.

1955-இல் சென்னையில் தொடங்கப்பெற்ற என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் செய்த புல்லட் போன்ற பழைய வண்டிகளில் கார்புரேட்டர் உண்டு. அவற்றில் பெட்ரோல் குழாயை மூடிவிட்டு, எஞ்சின் தானே நிற்கும் வரை ஓடவிட்டால் கார்புரேட்டர் காலியாகும், கசடு தங்காது. 2020-க்குப் பின் வந்த வண்டிகள் பெரும்பாலும் இஞ்செக்‌ஷன் முறையின. அவற்றிற்கு இது பொருந்தாது.

எஞ்சின் ஆயில்

ஓடித் தேய்ந்த ஆயிலில் அமிலமும் ஈரமும் கலந்திருக்கும். அதனோடு எஞ்சினை மாதக்கணக்கில் நிறுத்துவது தவறு. எஞ்சினைச் சற்றுச் சூடேற்றிப் பழைய ஆயிலை வடித்து, புதியதை ஊற்றிச் சில நிமிடம் ஓடவிட்டு நிறுத்த வேண்டும்.

இரண்டு நாளுக்கு ஒருமுறை வண்டியைக் கிளப்பி ஐந்து நிமிடம் உறுமவிடுவது நம்மவர் பலரின் வழக்கம். இதனால் நன்மையினும் தீமையே மிகுதி. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் ஆவியாய் உண்டாகும். எஞ்சின் நன்கு சூடேறாவிடில் அவ்வாவியில் ஒரு பகுதி சைலன்சரிலும் எஞ்சினுள்ளும் நீராய்த் தங்கித் துருவை வளர்க்கும். கிளப்பினால் சில கிலோமீட்டர் ஓட்டிவருக, இன்றேல் கிளப்பாதிருக்க.

பாட்டரி

நிற்கும் வண்டியிலும் பாட்டரி சிறிது சிறிதாக வலுவிழக்கும். முற்றிலும் வடிந்து கிடந்தால் அதன் தகடுகள் கெட்டு, மீண்டும் சார்ஜ் ஏறாது. நெகட்டிவ் இணைப்பை முதலிலும் பாசிட்டிவ் இணைப்பைப் பின்னரும் கழற்றி, பாட்டரியைக் குழந்தைகள் கைக்கெட்டாத உலர்ந்த இடத்தில் வைத்து, மாதம் ஒருமுறை சார்ஜ் செய்க. மீண்டும் பூட்டும்போது பாசிட்டிவ் இணைப்பே முதலாவது.

இடமும் போர்வையும்

வண்டியைச் சேறின்றிக் கழுவி, நன்றாக வெயிலில் உலர்த்துக. சங்கிலியை மண்ணெண்ணெயால் துடைத்து எண்ணெயிடுக. பிரேக்கின்மேல் எண்ணெய் படலாகாது. டயர்களில் உரிய அளவு காற்றடைத்து, சென்டர் ஸ்டாண்டில் நிறுத்துக. சைலன்சரின் வாயில் எலியும் குளவியும் புகாதவாறு துணியை அடைத்து, அது மறவாதிருக்கச் சிவப்புத் துணியின் நுனியை வெளியே தொங்கவிடுக.

மாட்டுக்கொட்டிலிலும் உர மூட்டைகளின் அருகிலும் வண்டியை வைத்தல் கூடாது. கொட்டிலின் அம்மோனியா ஆவியும் உரத்தின் உப்பும் உலோகத்தை அரிக்கும். முற்றத்து நீர் எட்டாத மேட்டிடமே உகந்தது.

பிளாஸ்டிக் தாளால் மூடுவோர் பலர். அஃது உள்ளிருக்கும் ஈரத்தை வெளியேறவொட்டாது. கூரைக்கடியில் நிற்கும் வண்டிக்குக் காற்றோட்டமுள்ள பருத்தித் துணியே ஏற்ற போர்வை. நம் தறியில் நெய்த பழைய போர்வை ஒன்று இதற்குப் போதும். அது நனைந்துவிட்டால் மாற்றுக.

மீண்டும் எடுக்கும்போது

சைலன்சர் துணியை முதலில் நீக்குக. எலி கடித்த வயர் உண்டா என்று பார்க்க. ஆயில், காற்று, சங்கிலி ஆகியவற்றைச் சோதித்தபின், மெல்ல உருட்டி இரு பிரேக்குகளையும் பிடித்துப் பார்க்க. துருவேறிய பிரேக்கோடு சாலைக்குச் செல்வது உயிருக்கே ஆபத்து. இன்ஷூரன்ஸ் காலாவதியாயிருப்பின் புதுப்பித்த பின்னரே வெளியே எடுக்க வேண்டும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் மூன்றாம் நபர் காப்பீட்டைக் கட்டாயமாக்கியுள்ளது.

சங்கத்தில் பணம் சேமிப்பது போலவே, வாங்கிய பொருளைக் கெடாமல் காப்பதும் சேமிப்பேயாகும். உறுப்பினர்கள் ஐப்பசி பிறக்குமுன் இம்முறைகளைக் கைக்கொண்டு பயன்பெறுவார்களென நம்புகிறோம்.