ரப்பரை அறுக்கும் இரும்பு

மலேசியாவின் கெடா மாநில ரப்பர்த் தோட்டங்களில் நிரை பிடித்துப் பால் வெட்டியவர்கள் கண்ணால் கண்ட உண்மை இது: பால்மரத்து இலை சில மாதங்களில் மட்கி மண்ணாகும், மண்ணில் விழுந்த ஒட்டுப்பால் அவ்வளவு எளிதில் மட்காது. ஆயினும் அதைத் தின்று வாழும் பாக்டீரியாக்கள் உண்டு. 1914லேயே சோன்கன், ஃபோல் என்ற ஆய்வாளர்கள் அவற்றைப் பற்றி எழுதினார்கள்.

அவை ரப்பரை அறுக்கும் விதம் இந்த நூற்றாண்டில்தான் தெளிவாயிற்று. ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் பல்கலைக்கழகத்தில் டீட்டர் யெண்ட்ரோசெக் குழுவினர் ஆராய்ந்த ‘ராக்ஸ்-ஏ’ நொதியில் ஹீம் இருக்கிறது. நம் ரத்தத்தைச் சிவப்பாக்குவதும் இரும்பு பொதிந்த இந்த ஹீம் அமைப்புதான். ரப்பரின் நீண்ட கார்பன் சங்கிலியிலுள்ள இரட்டைப் பிணைப்பில், ஆக்சிஜன் மூலக்கூறின் இரண்டு அணுக்களையும் ஏற்றி, அவ்விடத்தில் சங்கிலியை நொதி வெட்டுகிறது. முக்கியமாகக் கிடைப்பவை 15 கார்பன் அணுக்கள் கொண்ட துண்டுகள். பாக்டீரியாவால் விழுங்கக்கூடிய அளவு அது.

காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன். அப்படியிருந்தும் மரமும் ரப்பரும் நாமும் ஏன் உடனே எரிந்து போவதில்லை? ஆக்சிஜன் மூலக்கூறில் இரண்டு எலக்ட்ரான்கள் இணையில்லாமல், ஒரே திசைச் சுழற்சியோடு நிற்கின்றன. கரிமப் பொருள்களின் எலக்ட்ரான்களோ இணை சேர்ந்தவை. இந்தப் பொருத்தமின்மை சாதாரண வெப்பத்தில் வினையைத் தடுக்கிறது. இணையில்லா எலக்ட்ரான்களைத் தானும் வைத்திருக்கும் இரும்பு, ஆக்சிஜனைப் பற்றி, எலக்ட்ரான் கொடுத்து, அந்தத் தடையைத் தாண்ட வைக்கிறது.

ஆனால் வெறும் இரும்பு துருப்பிடிக்கத்தான் செய்யும். எந்த அணுக்கள், எந்தக் கோணத்தில் அதைச் சூழ்ந்து நிற்கின்றன என்பதுதான் அதன் போக்கை முடிவு செய்கிறது. நொதியில் புரதம் அந்தச் சூழலை அமைக்கிறது. அதே சூழலைச் சிறு மூலக்கூறுகளால் கட்ட முடியுமா என்பதே வேதியியலாளர்கள் எடுத்துக்கொண்ட சவால்.

2003இல் அமெரிக்காவின் மினசோட்டாவைச் சேர்ந்த லாரன்ஸ் குவே, கொரியாவின் வொன்வூ நாம் ஆகியோரின் குழு ஒரு பெரிய படியைக் கடந்தது. நான்கு நைட்ரஜன் அணுக்கள் கொண்ட வளையத்துக்குள் இரும்பை வைத்து, மைனஸ் 40 டிகிரிக் குளிரில், ஒற்றை ஆக்சிஜன் அணுவை இரட்டைப் பிணைப்பில் தாங்கிய இரும்பைப் படிகமாகவே பிடித்துக் காட்டினார்கள். ஹீம் இல்லாத இரும்பு நொதிகளில் கணநேரம் தோன்றி மறையும் நிலை அது.

ஹீம் இல்லாமலேயே மண் பாக்டீரியாவின் இன்னொரு நொதி, கேட்டகால் என்ற ஆறு கார்பன் வளையத்தை உடைக்கிறது. அதில் சேரும் இரு ஆக்சிஜன் அணுக்களும் காற்றிலிருந்தே வருகின்றன என்பதை, கனமான ஆக்சிஜன் ஐசோடோப்பைக் கொண்டு 1955இல் ஆய்வாளர் ஒசாமு ஹயாய்ஷி நிறுவினார். தமிழ்நாட்டிலும் இத்துறைக்கு வலுவான மரபு உண்டு. திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் வேதியியலாளர் பழனியாண்டவர் தம் மாணவர்களோடு இந்நொதியைப் போன்ற இரும்புச் சேர்மங்களை வரிசையாக உருவாக்கினார். சூழ்ந்திருக்கும் நைட்ரஜன், பீனோலேட் தொகுதிகளை மாற்றினால் இரும்பின் எலக்ட்ரான் ஈர்ப்பு மாறுகிறது. அதற்கேற்ப வளையம் உடையும் வேகமும் வழியும் மாறுகின்றன என்பதை அந்த ஆய்வுகள் காட்டின.

இடர்ப்பாடுகள் சிறியவையல்ல. வீரியமான இரும்பு-ஆக்சிஜன் நிலை தன்னைத் தாங்கும் மூலக்கூறையே தாக்கி அழித்துக்கொள்ளும். ரப்பர்ச் சங்கிலியோ மிகப் பெரியது. டயரில் கந்தகப் பாலங்கள் அதை மேலும் இறுக்கிக் கட்டியிருக்கின்றன. ஆய்வுக்கூடக் குடுவையில் சிறு மூலக்கூறு உடைவதற்கும் பழைய டயர் கரைவதற்கும் இடையே நெடுந்தூரம் இருக்கிறது.

இருந்தாலும் அந்தத் தூரம் நடக்க வேண்டியதே. டயரைக் கொளுத்தினால் நச்சுப் புகை. குவித்து வைத்தால் மழைநீர் தேங்கிக் கொசு. மிதமான வெப்பத்தில், காற்றையும் மலிவான இரும்பையும் கொண்டு ரப்பரைப் பயனுள்ள துண்டுகளாக்கும் வழி இயற்கையில் ஏற்கெனவே இருக்கிறது. ரப்பரால் வளர்ந்த மாநிலம் கெடா. அங்கே பீடோங்கில் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் இருக்கிறது. தோட்டத்துப் பிள்ளைகள் பலர் இன்று அறிவியல் பட்டதாரிகள். ரப்பரை எடுக்கும் கலையை முன்னோர் கற்றார்கள். அதை மண்ணுக்குத் தீங்கின்றிப் பிரிக்கும் வேதியியலை நம் பிள்ளைகள் கற்க வேண்டும். அதற்கான ஆய்வுக்கூடங்களையும் உதவித்தொகையையும் நாம் கேட்டுப் பெற்றுத் தர வேண்டும்.